டச்சஸைத் துளைத்த குண்டு

டச்சஸ் என்ற கோவேறு கழுதை சுடப்பட்டுச் செத்த மறுநாளே கோல்டர் ஃபோர்க் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. "சுட்டது பெனாட்தான்" என்றது ஒரு கட்சி. "பெனாட்தான், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?" என்றது இன்னொரு கட்சி.

இரண்டிலும் சேராதவர்கள் இரண்டே பேர். ஒருவர் இங்கிரிட் ஹால்வர்சன். வயோமிங் மலைகளில் தலை நரைக்கும்வரை வேட்டைக் காவல் அதிகாரியாக அலைந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு துப்பறியும் நிலையம் என்று வீட்டு வாசலில் பலகை மாட்டிக்கொண்டவர். மற்றவன் அவருடைய உதவியாளன் டெல்பர்ட் கூன்ஸ். காளைச் சவாரிப் போட்டி நடக்கும் ரோடியோ மைதானத்தில் காளை தள்ளிவிட்ட வீரனைக் காப்பாற்ற, மூக்கில் சாயம் பூசிக்கொண்டு காளைக்கு முன்னால் போய்க் குதிக்கும் கோமாளியாக இருந்தவன். நகைச்சுவை உணர்ச்சி இல்லாத ஒரு காளையால் முழங்கால் போயிற்று. நாக்குக்கு மட்டும் சேதமில்லை.

சனிக்கிழமை காலை இருவரும் ஆட்டுக்காரர் பெனாட் எட்சார்ட்டின் சக்கரம் வைத்த வீட்டுக்கு முன்னால் நின்றார்கள். சரிவு முழுக்க ஆடுகள். அவற்றுக்கு மேலே வானம் ஒரு பழைய ஈயத் தட்டைப்போலக் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் எவ்வளவு பனி இருக்கிறது என்பது ஆடுகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கத்தவில்லை.

"மத்தியானம் ஓட்ட ஆரம்பிச்சாத்தான் இருட்டுறதுக்குள்ள வேலியைத் தாண்ட முடியும்," என்றார் பெனாட். பூண்டு மணக்கும் சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றினார். "நாளைக்குத் தன் நிலத்துல ஒரு ஆடு நிக்கக் கூடாதுன்னு ஓபல் சொல்லிட்டாங்க. எங்க ஓட்டுறது? மேல பனி. கீழ எல்லாம் ஊரான் வேலி. மேய்ச்சல் இல்லாம விட்டா பாதி ஆடு வசந்தத்தைப் பாக்காது."

ஓபல் டீஸ்டேல் வேட்டைக்காரர்களின் மூட்டைகளைக் கழுதைகளில் ஏற்றி மலைக்கு அழைத்துப் போகிறவர். செத்துப்போன டச்சஸ் அவருடைய கழுதைகளுக்குத் தலைவி. பெனாட் குளிர்காலத்துக்குக் குத்தகை எடுத்திருப்பது ஓபலின் புல்வெளியை.

"எல்லாம் சரி, நீங்க பார்ல வாய விட்டிருக்கக் கூடாது," என்றான் டெல்பர்ட். "'அந்தக் கழுதையை ஒருநாள் சுட்டுத் தள்ளிடுவேன்'னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்தினீங்களாமே."

"என் பூண்டுப் பாத்தியை வேரோட தின்னுச்சுய்யா! கொடியில காஞ்ச சட்டையைத் தின்னுச்சு. வேட்டைக்காரன் மான்னு நினைச்சுச் சுட்டுடக் கூடாதுன்னு ஓபல் அது முதுகுல ஆரஞ்சுத் துணி கட்டி விட்டாங்க, அதையும் தின்னுச்சு. திட்டினேன். ஊர்ல அதைத் திட்டாதவன் யாரு?"

இங்கிரிட் சுவரில் மாட்டியிருந்த குட்டைத் துப்பாக்கியை எடுத்தார். உள்ளே இருந்த தோட்டாக்களைக் கொட்டிப் பார்த்தார். மொட்டை மூக்கு, பருத்த ஈயம்.

"இது எவ்வளவு தூரம் போகும், பெனாட்?"

"ஓநாய் பயப்படுற தூரம்."

"பாஸ், இதுல சுட்டா குண்டு கீழ விழுறதுக்குள்ள நாமளே ஓடிப்போய்ப் பிடிச்சுடலாம்," என்றான் டெல்பர்ட்.

இங்கிரிட் சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் திரும்ப மாட்டினார். "சூப் நல்லா இருக்கு. ஆட்டை மெதுவா ஓட்டுங்க. ரொம்ப மெதுவா."

வண்டி மலைப்பாதையில் இறங்கியது. பின்பக்கம் ஒரு பீப்பாய் நிறைய ஊறிப்போன பழைய செய்தித்தாள்கள். ஒவ்வொரு வளைவிலும் அது தளும்பி டெல்பர்ட்டின் கழுத்தில் தெறித்தது.

"பாஸ், துப்பறியுறவங்க பேப்பர் படிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஊறுகாய் போடுவாங்கன்னு தெரியாது."

"வாய மூடிட்டு இதைப் பாரு."

புகையிலை டப்பா ஒன்றை நீட்டினார். உள்ளே பஞ்சின்மேல் ஒரு குண்டு. முன்பாதி காளானைப்போல் குடை விரித்திருந்தது. செம்புத் தோல் இதழ் இதழாகப் பின்னால் மடிந்திருக்க, நடுவில் ஈயம் பளபளத்தது. வேட்டைக் குண்டு உடம்புக்குள் போனதும் இப்படி மலர வேண்டும். அப்போதுதான் மிருகம் துடிக்காமல் விழும். மலராத குண்டு ஊசிபோல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும்.

"அடேயப்பா! டச்சஸ் உடம்புல இருந்ததா?"

"அழகா இருக்கா?"

"கல்யாண மோதிரத்துல வெச்சுக் கொடுக்கலாம். பாஸ், இதை வெச்சு என்ன கண்டுபிடிக்கப் போறோம்? மலர்ந்த அப்புறம் எல்லாக் குண்டும் ஒரே சாதி ஆச்சே."

"டச்சஸ் கிடந்த புல்வெளியில அன்னிக்கு மழை. ஒரே ஒரு பூட்ஸ் தடம். எதிர்மலையில இருந்து இறங்கி வந்து, அதே வழியா ஏறிப் போயிருக்கு. ஷெரீஃப் 'எவனோ வேடிக்கை பாக்க வந்திருப்பான்'னுட்டார். நான் என்ன சொல்றேன்னா, சுட்டவன் எதிர்மலையில இருந்து சுட்டிருக்கான். எண்ணூறு கஜத்துக்குக் குறையாது. அந்தப் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே சுடுற பைத்தியங்க நம்ம ஊர்ல எத்தனை?"

டெல்பர்ட் யோசிக்கவே தேவையில்லை. "மூணு. மூணு பேரும் இப்ப கிளப்புல இருப்பாங்க. இன்னிக்கு ஒப்பீட்டு நாள்."

வருடத்தில் ஒரு சனிக்கிழமை கோல்டர் ஃபோர்க் துப்பாக்கி கிளப்பில் குண்டுகளை ஒப்பிடுவார்கள். அந்தப் பருவத்தில் வேட்டையாடிய மான்களின் உடம்பிலிருந்து எடுத்த குண்டுகளை உறுப்பினர்கள் பச்சைக் கம்பளி விரித்த நீள மேசையில் அடுக்குவார்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு மலர்ந்தது, எடையில் எவ்வளவு மிச்சம் என்று சண்டை நடக்கும். மான் எப்படிச் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. மான் இங்கே குண்டு வைத்திருந்த பை, அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்தபோது சண்டை முதிர்ந்திருந்தது.

"உன் வேலர் குண்டா? காத்துல போறப்ப நல்லாத்தான் போகும். எலும்பைக் கண்டா அழுதுடும்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார் கர்ட்டிஸ் வீம்ஸ். வீட்டுமனை விற்பவர். பிளாக் பட் என்ற கனமான குண்டைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை. தன் மகனுக்கும் அந்தப் பெயரை வைக்கப் போனவர். மனைவி தடுத்துவிட்டார்.

"பிளாக் பட் மலருறதுக்கு முன்னால மான் கிழவனாகிச் செத்துடும், அங்கிள்," என்றான் டிரென்ட் கில்பிரைட். காணொளி எடுத்துப் போடுகிற இளைஞன். வேலர் குண்டு நிறுவனம் அவனுக்குத் தொப்பி அனுப்பியிருந்தது. தூங்கும்போதும் கழற்றமாட்டான் என்று பேச்சு.

மேசையின் தலைமாட்டில் மூன்றாமவர், டாக்டர் ஹார்லன் வாஸ். ஊருக்கு ஒரே பல் மருத்துவர். கிளப்பின் ஒப்பீட்டுக் குழுத் தலைவர். பல்லில் அடைக்கும் தங்கத்தை நிறுக்கும் குட்டித் தராசைக் கொண்டுவந்து எல்லாக் குண்டையும் அவர்தான் நிறுப்பார். அவருடைய குண்டு மெரிடியன், மெலிந்து நீண்டது. எண்ணூறு கஜத்திலும் மலரும் குண்டு அது ஒன்றே என்று போன வருடம் அவர் தீர்ப்புச் சொல்ல, பாதி ஊர் அதற்கு மாறிவிட்டது.

சுவரோரம் ஓபல் காப்பிக் கோப்பையோடு தனியாக உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது.

"வந்துட்டியா இங்கிரிட்? அந்த ஆட்டுக்காரனுக்கு வக்காலத்து வாங்கத்தானே? டச்சஸ் பதினேழு வருஷம் எனக்கு முன்னால நடந்தா. பனிப்புயல்ல வழி காட்டினா. அவளைக் கொன்னவனுக்கு நான் புல்லு கொடுக்கணுமா?"

"கொன்னவனுக்குக் கொடுக்க வேண்டாம், ஓபல். இன்னும் கொஞ்ச நேரம் உட்காரு."

இங்கிரிட் மேசைக்குப் போய் டப்பாவைத் திறந்து, குண்டைப் பச்சைக் கம்பளியின் நடுவில் வைத்தார். கோயிலில் திரை விலகியதுபோல் எல்லாத் தலைகளும் முன்னால் நீண்டன.

"டச்சஸ் விஷயமா வந்தேன். யார் சுட்டாங்கன்னு கேக்க வரலை," என்றார் இங்கிரிட். "எதிர்மலையில இருந்து சுட்டிருக்காங்க. எண்ணூறு கஜம், பக்கவாட்டுக் காத்து, ஒரே குண்டு. இப்படி மலர்ந்த குண்டை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்லை. அறிவாளிங்க நீங்க, என்ன குண்டுன்னு சொல்லுங்க. எனக்கென்னவோ பிளாக் பட் மாதிரி தெரியுது."

வீம்ஸின் மார்பு விரிந்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று திணறியது. "மாதிரி என்ன மாதிரி? பிளாக் பட்டேதான்! அந்த அடிப்பாகத்தைப் பாருங்க. தாய்ப்பால் குடிச்ச குண்டு!"

"அங்கிள், கண்ணாடி போடுங்க!" டிரென்ட் பாய்ந்தான். "இதழ் மடிப்பைப் பாருங்க, ரோஜாப்பூ! வேலரைத் தவிர எவன் குண்டு இப்படி மடியும்?"

"உன் குண்டு எண்ணூறு கஜம் போறதுக்குள்ள வழி கேட்டுட்டு நிக்கும்டா!"

"வழி கேக்குமா? நானே சுட்டேன், எனக்குத் தெரியாதா?"

டிரென்ட்டின் முகத்தில் வாய் போன இடத்துக்கு மூளை பின்னாலேயே ஓடி வந்து சேர்வது தெளிவாகத் தெரிந்தது. பின்வாங்கியிருப்பான். ஆனால் வீம்ஸ் விடவில்லை.

"நீயா? எண்ணூறு கஜத்துலயா? பொய் சொல்லாதே! அதைச் சுட்டவன் நான்!"

"நீங்களா? நீங்க அன்னிக்கு வீடு காட்டிட்டிருந்தீங்க!"

"காட்டிட்டே சுட்டேன்டா!"

டெல்பர்ட் இங்கிரிட்டின் காதருகே குனிந்தான். "பாஸ், காலையில வரைக்கும் ஒரு குற்றவாளி கூட இல்லை. இப்ப வரிசையில நிக்கறாங்க. டோக்கன் கொடுக்கட்டுமா?"

ஓபல் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டாக்டர், நீங்க ஒண்ணுமே சொல்லலையே?" என்றார் இங்கிரிட்.

டாக்டர் வாஸ் ஆப்பிள் பணியாரத் தட்டைக் கையில் வைத்திருந்தார். முள்கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். "ஒரு வாயில்லாத ஜீவன் செத்திருக்கு. இதுல பெருமை பேச என்ன இருக்கு? வெக்கமா இருக்கு எனக்கு."

"அவர் ஒருத்தர்தான் இங்க மனுஷன்," என்றார் ஓபல்.

"உண்மைதான்," என்றார் இங்கிரிட். "டாக்டர், ஒரு நிமிஷம் சமையலறைக்கு வர்றீங்களா? டெல், நீயும் வா."

சமையலறையில் பெரிய பானையில் மாட்டுக்கறியும் பீன்ஸும் கொதித்துக்கொண்டிருந்தன. இங்கிரிட் கதவைச் சாத்தினார்.

"டாக்டர், அந்தக் குண்டு டச்சஸோடது இல்லை. நேத்து என் வீட்டுக் கொல்லையில ஈரப் பேப்பர் பீப்பாய்ல நானே சுட்டது. இந்த அடுப்புக்கும் அந்த ஜன்னலுக்கும் உள்ள தூரம்தான். அவ்வளவு கிட்டத்துல சுட்டா எந்தக் குண்டும் ரோஜாப்பூதான்."

டெல்பர்ட் வாயைத் திறந்தான். ஒரு முறை மூடிவிட்டு மறுபடி திறந்தான். "ஊறுகாய்!"

"உன்கிட்ட முன்னாடியே சொல்லலை. உன் முகம் கண்ணாடி ஜன்னல். மன்னிச்சுக்க." டாக்டரிடம் திரும்பினார். "டச்சஸைப் புதைக்கிறதுக்கு முன்னால நான் போய்ப் பாத்தேன். ஒரு பக்கம் பட்டாணி அளவு ஓட்டை. மறுபக்கமும் ரோமத்துல மறைஞ்ச மாதிரி சின்ன ஓட்டை. உள்ள குண்டே இல்லை. ஆனா மறுபக்கத் தோல்ல ஒரு கீறல். கத்தியால சுத்தமா, அழகா கீறி, தோலுக்கு அடியில விரலை விட்டுத் தேடியிருக்காங்க."

"அது எதுக்கு பாஸ்?"

"நம்ம ஊர் வேட்டைக்காரன் மான் விழுந்ததும் முதல்ல என்ன பண்ணுவான்? மறுபக்கத் தோலுக்கு அடியில தன் குண்டைத் தேடுவான். இந்த ஆளு பள்ளத்தாக்கைத் தாண்டி வந்து பாத்திருக்கான். மான் இல்லை, கழுதை. வேற எவனா இருந்தாலும் ஓடியிருப்பான், இல்ல அழுதிருப்பான். இவன் முட்டி போட்டுக் குண்டைத் தேடியிருக்கான்!"

டெல்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"ஆக, சுட்டவனுக்கு மட்டும்தான் தெரியும், கழுதைக்குள்ள குண்டு கிடையாதுன்னு. வெளிய ரெண்டு பேர் என் பேப்பர் குண்டைத் தன்னுதுன்னு சத்தியம் பண்றாங்க. முட்டாளுங்க, ஆனா நிரபராதிங்க. நீங்க ஒருத்தர்தான் அதை ஏறெடுத்தும் பாக்கலை. அந்த மேசைக்கு வர்ற எந்தக் குண்டையும் முதல்ல எடுத்து நிறுக்கிற கை, இன்னிக்குப் பணியாரத்தை விட்டு நகரவே இல்லை."

டாக்டரின் முகம் அசையவில்லை. வருடக்கணக்கில் நோயாளிகளிடம் 'வலிக்காது' என்று சொல்லிப் பழகிய முகம். "நாகரிகம்னு ஒண்ணு இருக்கு, மிஸ் ஹால்வர்சன். செத்த ஜீவனோட குண்டை நிறுக்க எனக்கு மனசு வரலை. இதை வெச்சு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது."

"முடியாதுதான்," என்று இங்கிரிட் ஒப்புக்கொண்டார். கதவுப் பிடியில் கை வைத்தார். "சரி, உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். டச்சஸைக் கொன்னது ஒரு மெரிடியன்னு நினைக்கிறேன். எண்ணூறு கஜத்துல வேகம் செத்து, மலரவே மலராம, கம்பி மாதிரி உள்ள போய் வெளிய வந்த குண்டு. நம்ம கிளப் தீர்ப்பை நம்பி பாதி ஊர் வாங்கின குண்டு. அதை மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்."

"மலரவே இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" டாக்டரின் குரல் கிறீச்சிட்டது. "கொஞ்சம் மலர்ந்திருக்கு! வெளிய வந்த ஓட்டையில என் சுண்டு விரல் தாராளமா நுழைஞ்சுது!"



டாக்டர் தன் சுண்டு விரலைப் பார்த்தார். அதை மடக்கிக்கொண்டார்.

"குண்டு மலரலைன்னா என்ன," என்றான் டெல்பர்ட் மெதுவாக. "வாய் நல்லா மலர்ந்துடுச்சு."

டாக்டர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "வில்லோ புதருக்குப் பின்னால முதுகு மட்டும் தெரிஞ்சுது. மான் நிறம். ஆரஞ்சுத் துணி கிடையாது. நான் வேணும்னு..." நெற்றியைத் துடைத்தார். "கழுதையைச் சுட்டேன்னு ஓபல்கிட்ட இப்பவே சொல்லிடறேன். அபராதம் கட்டறேன். அவங்க குடும்பத்துக்கே ஆயுசுக்கும் இலவசமா பல் பிடுங்கறேன். மலரலைங்கிறதை மட்டும் விட்டுடுங்க. கர்த்தர் மன்னிச்சுடுவார். கிளப் மன்னிக்காது."

"அங்க மலையில ஒருத்தர் ஆட்டை ஓட்டிட்டுப் போறார், தெரியுமா?" டெல்பர்ட்டின் குரலில் வேடிக்கை இல்லாமல் போயிற்று. "பனிக்குள்ள. போக இடம் இல்லாம. மூணு நாளா உங்களுக்குத் தெரியும்."



"ரெண்டையும் சொல்லணும், டாக்டர்," என்றார் இங்கிரிட். "பெனாட்டோட குண்டு மொட்டை ஈயம். கிட்டத்துல பட்டா மறுபக்கம் மடக்கின கையே நுழையும். சின்ன ஓட்டை போட்டது உங்க மலராத குண்டுதான். அவர் நிரபராதிங்கிறதுக்கு உங்க அவமானம்தான் சாட்சி. அதை மறைச்சா இந்த ஊர் நாளைக்கே 'டாக்டர் பெரிய மனசு பண்ணிப் பழிய ஏத்துக்கிட்டார்'னு சொல்லும்."

கூடத்தில் டாக்டர் வாஸ் மேசையின் தலைமாட்டில் நின்று பேசினார். கழுதையை மான் என்று நினைத்துச் சுட்டதைச் சொன்னபோது யாரும் பெரிதாக அசையவில்லை. பின்வரிசையில் ஒருவர் "நடக்கிறதுதானே" என்று கூடச் சொன்னார். மெரிடியன் மலரவில்லை என்று சொன்னபோது நாற்காலிகள் கிறீச்சிட்டன. வீம்ஸ் துக்க வீட்டில் நிற்பதுபோல் தொப்பியைக் கழற்றினார். டிரென்ட் கூடக் கழற்றினான்.

ஓபல் மட்டும் டாக்டரையும் பார்க்கவில்லை, குண்டையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது.

"ஐயோ, பெனாட் கிளம்பியிருப்பாரே," என்றார். வண்டிச் சாவியை எடுத்தார். கதவுவரை போய்த் திரும்பினார். "என்ன பாத்துட்டு நிக்கறீங்க? ஏறுங்க எல்லாரும்! ஆட்டைத் திருப்ப ஆள் வேணும். டாக்டர், நீங்க முன்சீட்டு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மந்தை கடைசி வேலியருகே இருந்தது. ஓபல் பனியில் இறங்கி நேரே பெனாட்டிடம் போனார். என்ன சொன்னார் என்று டெல்பர்ட்டுக்குக் கேட்கவில்லை. கிழவர் தலையாட்டினார். பிறகு வேலிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுச் சீட்டியடித்து நாயை அழைத்தார்.

ஆடுகளைத் திருப்பும் வேலை தொடங்கியது. பள்ளத்தாக்குக்கு அப்பால் நின்றே உயிரெடுக்கும் வல்லவர்கள் பனியில் வழுக்கி விழுந்தார்கள், எழுந்தார்கள், ஆடு போகிற பக்கம் எல்லாம் கையை ஆட்டினார்கள். வீம்ஸை ஒரு கிடாய் முட்டியது. டாக்டர் வாஸ் ஒரு மேட்டில் ஒதுங்கி நின்று, கோட்டுக் கழுத்தைத் தூக்கி விட்டுக்கொண்டு, அங்கிருந்தே "ஹோய், ஹோய்" என்று குரல் கொடுத்தார். அவருக்கு எதிரே ஒரு கிழட்டு ஆடு நகராமல் நின்று அசைபோட்டது.

பெனாட் தடியை ஊன்றிக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"கிட்ட வாங்க, டாக்டர்," என்றார். "அவ்வளவு தூரத்துல நின்னா ஆடு மதிக்காது."